கதவில் இரண்டு தட்டு

லொறிக் கதவுக்குள் மணிக்கட்டு வரை கை அகப்பட்டுக்கொண்ட ஒருவன் கம்பீரமாக நிற்பது கஷ்டம். வினோதன் முயன்றுதான் பார்த்தான். மற்றக் கையை இடுப்பில் ஊன்றி, வேண்டுமென்றே கையை உள்ளே விட்டு எதையோ தேடுகிறவனைப் போல முகத்தை வைத்துக்கொண்டு, புல்மோட்டை மீன் இறங்குதுறையில் நின்ற சாரதிமாரைப் பார்த்துச் சிரித்தான். ஒருவரும் நம்பவில்லை.

ஒரு நிமிடத்துக்கு முன்புதான் அவன் பிரசங்கத்தை முடித்திருந்தான்.

"இது இப்ப வாற தகரப் பேணி இல்லை கண்டியளோ. அந்தக் காலத்து இரும்பு. ஆறு வருஷமா ஒரு நாள் விடாமக் கழுவுறன். நீங்கள் பெத்த பிள்ளையளைக்கூட அப்பிடிக் கழுவியிருக்க மாட்டியள்."

சொன்னதற்கு முத்திரை குத்துவதுபோலச் சாரதிப் பக்கக் கதவில் ஓங்கித் தட்டினான். முதல் தட்டுக்குக் கதவு 'டப்' என்றது. இரண்டாவது தட்டுக்கு ஒன்றும் சொல்லவில்லை, வழிவிட்டது.

"கையை வெட்டுறதா, கதவை வெட்டுறதா?" என்று ஒரு சாரதி கவலையோடு கேட்டான்.

"கதவு முத்தலிப் நானாட. கை இவர்ர சொந்தக் கை. சொந்தச் சாமானை வெட்டுறதுதானே நியாயம்," என்றான் இன்னொருவன்.

கடைசியில் யாரோ தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து ஊற்றினார்கள். கை வெளியே வந்தது. கூடவே சாப்பாட்டுக் கோப்பை அளவு தகடும் துருவாக உதிர்ந்து வந்தது. வினோதன் கையைப் பார்க்கவில்லை. ஓட்டையைத்தான் பார்த்தான்.

கதவில் இரண்டு தரம் தட்டுவது அவனுடைய பழக்கமில்லை. லொறியும் அவனுடையதில்லை. இரண்டுமே முத்தலிப்புடையவை. கிண்ணியாக்காரனான முத்தலிப்பும் அவனும் அந்த லொறியில் பதினைந்து வருடம் ஒன்றாக ஓடியவர்கள். முத்தலிப்புக்கு ஸ்டியரிங் வேலை, வினோதனுக்குப் பக்கத்தில் இருந்து கதைக்கிற வேலை. ஒவ்வொரு நாளும் ஏறுமுன் முத்தலிப் கதவில் இரண்டு தட்டுத் தட்டுவான், பிஸ்மி சொல்லுவான், ஏறுவான். ஆறு வருடத்துக்கு முன் கத்தாருக்குப் போகிறபோது லொறித் திறப்பை வினோதனின் கையில் வைத்து, "நல்லாப் பாத்துக்க மச்சான்," என்று மட்டும் சொன்னான். வருமானம் ஆளுக்குப் பாதி. வினோதனும் பார்த்துக்கொண்டான். மீன் இறக்கிய கையோடு திருகோணமலை உட்துறைமுகக் கரையில் லொறியை நிறுத்தி, வாளி வாளியாக அள்ளி ஊற்றி, தேங்காய்ப் பொச்சுத் தும்பால் தேய்த்து, மழை நாளிலும் கழுவினான். மழை நாளில் கழுவுகிறவனைப் பார்த்து ஊர் சிரித்தது. பொறாமை என்று அவன் நினைத்துக்கொண்டான்.

அன்று பின்னேரம் ஆஸ்பத்திரியில் துரு கீறியதற்கு ஏற்பூசி போட்டுக்கொண்டு, வலது கையில் வெள்ளைக் கட்டோடு வாங்கில் இருந்தபோது போன் சிணுங்கியது. முத்தலிப்பின் குரல் பதிவு. இப்போதெல்லாம் அவன் எழுதி அனுப்புவதில்லை, குரல்தான்.

"மச்சான், வாற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி வாறன். இனித் திரும்பிப் போறல்ல. லொறியக் கழுவி வை."

வினோதனுக்கு முதலில் சந்தோஷம் வந்தது. அதன் காலைப் பிடித்துக்கொண்டே பயமும் வந்தது. முத்தலிப் வந்தால் ஸ்டியரிங் அவனுக்கு. நாற்பத்தேழு வயதில் தான் மறுபடியும் பக்கத்தில் இருந்து கதைக்கிற வேலைக்குப் போவதா, அல்லது அந்த வேலையும் இல்லையா? அதுவும் இந்த ஓட்டையைப் பார்த்த பிறகு?

பதில் பதிவு அனுப்பினான்: "வாடா வா! அப்ப இனி நீயே ஓடப்போறியா? நான் என்ன செய்யிறது?"

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "வந்து கதைப்பம்."

வீட்டுக்குப் போய் மனைவியிடம் கேட்டான். கீர்த்தனிக்கு ஓர்ஸ் ஹில்லில் ஒரு அரசாங்கக் கந்தோரில் வேலை. கந்தோரில் கற்றுக்கொண்டதோ என்னவோ, எந்தக் கேள்வியையும் வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவாள்.

"முத்தலிப் என்னை இறக்கிவிடுவானெண்டு நினைக்கிறியா?"

"உங்கட கூட்டாளி. உங்களுக்குத் தெரியாததா?" என்று சொல்லி, கட்டுப் போட்ட கையைப் பார்த்து, சோற்றைக் குழைத்து ஊட்டத் தொடங்கினாள். அதுவும் ஒரு பதில்தான். ஆனால் அவன் கேட்ட கேள்விக்கு இல்லை.

மறுநாள் காலையில் லொறி ஸெய்னுதீனின் கராஜில் நின்றது. உட்துறைமுக வீதியில் நாலு தூணும் கூரைத் தகரமும்தான் கராஜ். ஸெய்னுதீனுக்கு முப்பத்திரண்டு வயது, வாகன உடம்பை நிமிர்த்துகிற டிங்கர் வேலையில் கெட்டிக்காரன். வாயைத் திறந்து உறுதியாக ஒன்றும் சொல்லிவிடக் கூடாது என்பதில் அதைவிடக் கெட்டிக்காரன்.

சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டே லொறியைச் சுற்றி வந்தான். 'டங்' என்றால் நல்ல இரும்பு, தாண்டிப் போனான். 'டப்' என்றால் வெண்கட்டியால் ஒரு வட்டம் போட்டான். சுற்றி முடித்தபோது லொறி கொப்புளிப்பான் வந்த பிள்ளையைப் போல நின்றது. வட்டம் எல்லாம் நெஞ்சு உயரத்துக்குக் கீழே. மேலே ஒன்றுகூட இல்லை. நெற்றியில் முத்தலிப் தன் உம்மாவின் பெயரைத் தன் கையாலேயே எழுதிய 'ஆமினா' நேற்று எழுதியதுபோல மின்னியது.

"மேல மட்டும் எப்பிடித் தம்பி நல்லா இருக்கு?"

ஸெய்னுதீன் ஆகாயத்தைப் பார்த்தான். "காத்தா இரிக்கும் அண்ணன்."

"சரி, தேறுமா?"

"பாப்பம் அண்ணன்."

"பாத்துட்டுத்தானே நிக்கிறாய்!"

"ரெண்டு வழி இரிக்கி," என்றான் ஸெய்னுதீன். "ஓட்டைய அடைச்சு, பட்டிப் பசை பூசி, தேச்சு, பெயின்ட் அடிச்சா ரெண்டு நாள். புது மாப்பிள்ள மாதிரி நிக்கும். இல்லாட்டி துருப்பிடிச்சதையெல்லாம் வெட்டி எறிஞ்சு புதுத் தகடு ஒட்டோணும். அது பத்து நாள். நானும் தனியாள்."

"பட்டி எவ்வளவு காலம் நிக்கும்?"

"மாரி மழை வரைக்கும்… பாப்பம்."

"தட்டினா?"

"ஆரு தட்டப் போறா?"

"முத்தலிப். ரெண்டு தரம்."

ஸெய்னுதீனின் முகம் மாறியது. "அவர்ர தட்டா? அது தட்டா அண்ணன்? சுத்தியலடியெல்லோ."

தூணில் நூலில் தொங்கிய, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை எடுத்து, பக்கத்தில் பட்டி பூசி நின்ற ஒரு வான் கதவில் வைத்தான். காந்தம் பிடிக்காமல் கீழே விழுந்தது. வாகனம் வாங்க வருகிறவர்கள் பட்டியைக் கண்டுபிடிக்கிற வழி அது. "அவரு இதையும் கொண்டு வருவாரு," என்றான்.

வினோதன் கட்டுப் போட்ட கையைப் பார்த்தான். ஆறு வருடம் வெளிநாட்டில் கிடந்துவிட்டு வந்து, ஆசையோடு தட்டுகிறவனின் கையும் உள்ளே போவதை நினைத்துப் பார்த்தான். தன்னுடைய கை போனால் பகிடி. அவனுடைய கை போனால் பகிடியில்லை.

"வெட்டுவம்," என்றான். "நீ தனியாளில்லை. நானும் நிக்கிறன். ஒண்டரைக் கை இருக்கு."

அன்றைக்கே வெட்டத் தொடங்கினார்கள். துருவை வெட்டுவது வினோதன் நினைத்ததுபோல இருக்கவில்லை. நாணயம் அளவு ஓட்டை என்று வெட்டினால், சுற்றிவரப் பளபளக்கும் இரும்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போகவேண்டும். நாணயம் கோப்பையாயிற்று, கோப்பை தாம்பாளமாயிற்று. கதவின் அடியில் தண்ணீர் வடிவதற்கென்று விட்டிருந்த துளைகளில் ஆறு வருட மீன் செதில் அடைத்துக் கிடந்தது. மூன்றாம் நாள் சாரதி இருக்கையின் கீழே தரையே இல்லை. வினோதன் ஏறி இருந்து பார்த்தான். இரண்டு காலும் நிலத்தில் ஊன்றின.

"இஞ்ச பார் தம்பி, எண்ணெய்ச் செலவில்லை. இப்பிடியே நடந்து போகலாம்."

"இறங்குங்க அண்ணன், ஏணிப்படியும் விழப்போகுது," என்றான் ஸெய்னுதீன்.

கிரைண்டரை இடது கையால் பிடிக்கப் பழகினான். மீன் பெட்டி மட்டையில் அச்சு வெட்டி, அதை வைத்துப் புதுத் தகட்டில் கோடு போட்டான். இரவு படுக்கும்போதும் காதுக்குள் கிரைண்டர் சுற்றியது. காலையில் ஸெய்னுதீன் வருமுன்பே கராஜ் வாசலில் போய் நின்றான்.

ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. ஸெய்னுதீன் ஜும்ஆவுக்குப் போகிறபோது, "ஒண்டும் செய்யாதீங்க. வந்து ஒட்டுவம்," என்று சொல்லிவிட்டுப் போனான். வினோதனுக்குச் சும்மா இருக்க ஏலாது. நாலு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தவன்தானே. வெல்டிங் கைபிடியை எடுத்தான். இங்கே ஒரு விரற்கடை, அங்கே ஒரு விரற்கடை என்று ஸெய்னுதீன் விட்டு விட்டு ஒட்டுவது நேரம் கடத்துகிற வேலையாகவே அவனுக்குப் பட்டிருந்தது. ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை நேராக இழுத்தான். பாதி வழியில் தகடு சூடேறி முறுகியது. முடிக்கிறபோது கதவு அலை அலையாக நெளிந்து நின்றது.

தொழுதுவிட்டு வந்த ஸெய்னுதீன் தொப்பியைக் கழற்றாமல் நின்று பார்த்தான்.

"அப்பளம் பொரிச்சிரிக்கீங்க."

"திருத்தலாமா?"

"பாப்பம்," என்று சொல்லிக்கொண்டே கிரைண்டரை எடுத்து நீட்டினான். வினோதன் வாங்கி, தான் ஒட்டிய முழுவதையும் தானே வெட்டினான். மறுபடியும் மட்டை, மறுபடியும் கோடு, மறுபடியும் தகடு. இம்முறை விரற்கடை விரற்கடையாக. பொழுதுபடும்போது கதவு தட்டையாக நின்றது. அவன் முதுகுதான் நெளிந்திருந்தது.

பின்னேரங்களில் மான்கள் வந்தன. திருகோணமலையில் மான் வீதியில் திரிவதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. குப்பைத் தொட்டியிலும் நிற்கும், பஸ் நிலையத்திலும் நிற்கும். ஆனால் இந்தக் கராஜுக்கு வந்த மான், அங்கே நின்ற ஆறு வாகனங்களில் ஐந்தைத் தாண்டி, வினோதனின் லொறியை மட்டும் நக்கியது. கழுத்தை நீட்டி, கண்ணை மூடி, பாயாசம் குடிப்பதுபோல நக்கியது.

"பாத்தியா? மிருகத்துக்கும் தெரியுது நல்ல சாமான் எதெண்டு," என்று வினோதன் தினமும் சொன்னான். ஸெய்னுதீனுக்குத் தினமும் இருமல் வந்தது.

ஏழாம் நாள் பின்னேரம் ஒட்டுவேலை முடிந்திருந்தது. மான் வந்தது. புதுத் தகட்டை மோந்துவிட்டு விலகியது. மூலையில் குவித்துக் கிடந்த பழைய துருத் துண்டுகளிடம் போய், அதை நக்கத் தொடங்கியது. வினோதனுக்குக் கொஞ்சம் மனவருத்தம். சரி, தூசியைக் கழுவினால் மானுக்கும் பிடிக்கும் என்று நினைத்து, வழக்கமான வாளியை எடுத்துக்கொண்டு வீதியைக் கடந்தான். துறைமுகத் தண்ணீரை மொண்டு வந்து, ஊற்ற ஓங்கினான்.

"அண்ணன்! வாளிய வைங்க!"

ஸெய்னுதீன் இவ்வளவு உறுதியாக எதையும் சொல்லி வினோதன் கேட்டதில்லை.

"ஏன்?"

ஸெய்னுதீனின் உறுதி அதோடு முடிந்துவிட்டது. "இல்ல… பைப்புல நல்ல தண்ணி வருது."

"கடல் தண்ணிதானே மீன் நாத்தத்தை எடுக்கும்? நான் ஆறு வருஷமா…"

வினோதன் வாளியைப் பார்த்தான். மானைப் பார்த்தான். லொறியின் நெற்றியில் மின்னுகிற 'ஆமினா'வைப் பார்த்தான். அவன் குள்ளன். எவ்வளவு வீசி ஊற்றினாலும் அவனுடைய தண்ணீர் நெஞ்சு உயரத்துக்கு மேலே போனதில்லை.

பழைய துண்டு ஒன்றை எடுத்து, மான் வாய் வைக்காத பக்கமாகப் பார்த்து, நாக்கு நுனியால் தொட்டான். உப்பில் கருவாடு தோற்றது.

"தம்பி, இது உனக்குத் தெரியும்."

ஸெய்னுதீன் குனிந்து எதையோ தேடினான்.

"இறங்குதுறையில எல்லாருக்கும் தெரியும், என்ன? அதுதான் சிரிச்சவங்கள். ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லல்லை?"

"டீ குடிப்பமா அண்ணன்?" என்றான் ஸெய்னுதீன்.

வினோதன் டீ குடித்தான். வீட்டுக்குப் போனான். கீர்த்தனியிடம், "லொறியை நான்தான் உப்புக்குத் தின்னக் குடுத்தனான். ஒவ்வொரு நாளும், வாளி வாளியா," என்றான். அவள் 'உங்களுக்குத் தெரியாததா' என்று சொல்லவில்லை. பக்கத்தில் வந்து இருந்தாள்.

"முத்தலிப்புக்குச் சொல்லப்போறீங்களோ?"

சொல்லாமல் விடலாம். புதுத் தகடு, புது பெயின்ட், காந்தமும் பிடிக்கும். வெட்டியதற்குக் காரணம் வயசு என்று சொல்லலாம். லொறிக்கும் வயசு இருக்கிறது, ஒருவரும் மறுக்கமாட்டார்கள். அவன் போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனான்.

முதல் பதிவில் ஐந்து பகிடி இருந்தது. அழித்தான். இரண்டாவதில் குற்றம் கடற்காற்றின்மேல் போயிற்று. அழித்தான். மூன்றாவதில் மீன்களின்மேல். அதையும் அழித்தான். நாலாவது பதிவு ஒரு மூச்சுக்குள் முடிந்தது.

"முத்தலிப், லொறி இத்துப்போச்சு. நான்தான் காரணம். ஆறு வருஷமும் கடல் தண்ணியிலதான் கழுவினனான், நல்லதெண்டு நினைச்சு. இப்ப ஸெய்னுதீன்ர கராஜில எல்லாத்தையும் வெட்டி ஒட்டுறம். நீ வந்து தட்டிப் பார்."

முத்தலிப் கேட்டுவிட்டான் என்பதற்கான நீல அடையாளம் பத்து நிமிடத்தில் விழுந்தது. பதில் விழவில்லை. அடுத்த நாளும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. கதவுகளின் உட்புறத்தில் பழைய எஞ்சின் எண்ணெய் பூசியபோதும், துருவைத் தடுக்கிற சிவப்புப் பூச்சு அடித்தபோதும், அதன்மேல் பழைய நீலத்தையே அடித்தபோதும் வினோதன் போனைப் பார்த்தான். பார்த்துவிட்டு மறுபடி தேய்த்தான். பதில் வராவிட்டாலும் கதவு நிற்க வேண்டும். அது மட்டும்தான் இப்போது அவன் கையில் இருந்தது. ஒன்றரைக் கையில்.

வெள்ளிக்கிழமை காலை ஒரு ஓட்டோ கராஜ் வாசலில் வந்து நின்றது. பெட்டியோடு இறங்கினான் முத்தலிப். விமானம் இறங்கிக் கொழும்பிலிருந்து நேரே வந்தவன் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. தாடி நரைத்திருந்தது, கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். வினோதன் கட்டிப்பிடித்தான். பிடித்த கையோடு, எல்லாவற்றுக்கும் முன்னால், ஸ்பீக்கர் காந்தத்தை நீட்டினான்.

"இந்தா. எங்க வேணுமெண்டாலும் வைச்சுப் பார்."

முத்தலிப்பின் கை காந்தத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் போய், பிறகு அதைக் கண்டுபிடித்தது. லொறியிடம் போனான். மூக்கு முட்டுகிற அளவுக்குக் கிட்டப் போய், விரலால் தகட்டின் ஓரங்களைத் தடவிக்கொண்டே நடந்தான். வைத்த இடமெல்லாம் காந்தம் 'ட்டக்' என்று பிடித்தது. வினோதன் பின்னாலேயே நடந்தான். இவ்வளவு கிட்ட நின்று பிழை தேடுகிறான் என்றால் கோபம் பெரிசு.

"என்ன நிறம் அடிச்ச?" என்று கேட்டான் முத்தலிப்.

"பழைய நீலம்தான். ஏன், பிடிக்கல்லையா?"

முத்தலிப் அடுத்த தகட்டில் காந்தத்தை வைத்தான். ஸெய்னுதீன் வானுக்குப் பின்னால் போய், தொலையாத ஒரு சாவியைத் தேடத் தொடங்கினான்.

முத்தலிப் சாரதிக் கதவின் முன்னால் வந்து நின்றான். கையை ஓங்கினான். வினோதன் கண்ணை மூடிக்கொண்டான்.

டங்.

டங்.

கூரைத் தகரத்தில் இருந்த காகம் எழுந்து பறந்தது. கதவு அசையவில்லை. வினோதன் கண்ணைத் திறந்தபோது முத்தலிப் கையை உதறிக்கொண்டு நின்றான், நொந்திருந்தது.

"முத்தலிப்," என்றான் வினோதன். பகிடி ஒன்றும் வாயில் இல்லை. "பதினொரு நாளா ஒருத்தரும் எனக்கு ஒரு கேள்விக்கும் நேராப் பதில் சொல்லல்லை. நீயாவது சொல்லு. வந்து கதைப்பம் எண்டாய், வந்திட்டாய். லொறியை இத்துப்போக விட்டவன் நான். இனி நான் ஓடுறனா, இறங்குறனா?"

முத்தலிப் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். இடது கண்ணில் வெள்ளையாக ஒரு படலம் கிடந்தது.

"நீ அனுப்பின பேச்ச நாலு தரம் கேட்டன் மச்சான். பதில் சொன்னா என்ட கதையையும் சொல்லோணும். வெக்கமா இருந்திச்சு," என்றான். "சீனி வருத்தம். இந்தக் கண் முழுசாப் போயிட்டு, மத்ததில பாதிதான். ரெண்டு வருஷமா அங்க என்னை ஓட விடல்ல, களஞ்சியத்தில பெட்டி அடுக்கினன். நான் இனி லொறி ஓட ஏலாத பாரம் எண்டு தெரிஞ்சா நீ வேற லொறிக்குப் போயிருவியோ எண்டு பயந்துதான் வந்து கதைப்பம், வந்து கதைப்பம் எண்டு சொன்னன்."



முத்தலிப் ஒரு கையால் லொறியைத் தடவிக்கொண்டே முன்பக்கமாகச் சுற்றிப் போய், இடது பக்கக் கதவைத் திறந்து, பக்கத்து இருக்கையில் ஏறிக் குந்தினான். புதுத் தரையைக் காலால் இரண்டு தரம் மிதித்துப் பார்த்தான்.

"ஓம். நீதான் ஓடுற," என்றான். "இனிப் பக்கத்தில இருந்து கதைக்கிறது நான். வாளிய மட்டும் இஞ்ச கொண்டா, அது என்ட காலுக்குக் கீழதான் இரிக்கும்."